ஏழு புள்ளி ஐந்து மூன்று நான்கு ஐந்து

டிசம்பர் முப்பத்தொன்று.
ரியேகா துறைமுகத்தின் கிரேன்களை
வடக்கிலிருந்து இறங்கிய புரா காற்று
கழுத்தைப் பிடித்து உலுக்குகிறது.
நள்ளிரவில் எங்கள் நாட்டில் காசு மாறுகிறது.

குனா என்றால் மரநாய்.
இருபத்தெட்டு ஆண்டுகள்
நாணயத்தின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.
இன்றிரவு காட்டுக்குள் போய்விடும்.
அதற்குள் அதன் காலடித் தடங்களையெல்லாம்
நான் யூரோவாக்க வேண்டும்.
பதினோராயிரம் பேரின் பால், பெட்ரோல், பல் வைத்தியர்,
சீட்டாட்டத்தில் விட்டது,
யாருக்கென்று எழுதாத ஒரு பூங்கொத்து.
எதையும் நான் திறந்து பார்க்க முடியாது.
ஆனாலும் இருக்கும்.

மேசைக் கணினிப் பதிப்பு என்னுடையது.
கைபேசிக்கு எழுதுகிறவன் வியேகோ,
பூலா போகிற பேருந்தில், முழங்காலில் மடிக்கணினியோடு.
வகுக்கும் எண் இருவருக்கும் ஒன்றுதான்,
அரசாங்கம் கொடுத்தது.
நான் கூட்டிவிட்டு வகுத்தேன்.
அவன் வகுத்துவிட்டுக் கூட்டினான்.
ஒன்பது குனா காப்பி, மூன்று:
என் திரையில் மூன்று யூரோ ஐம்பத்தெட்டு சென்ட்,
அவன் திரையில் ஐம்பத்தேழு.

"ஒரு சென்ட்டுக்கா
வருஷக் கடைசி ராத்திரியில் கூப்பிடுகிறாய், டிஹானா?"
"கணக்கு ஆப்புக்காரனை
வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்?"

கடைசியில் சோம்பேறி வழிதான் கிடைத்தது.
நானும் அவனைப் போலவே தப்பாகக் கூட்டுவது.
இரண்டு திரையும் ஒரே பொய்யைச் சொன்னால்
யார் கேட்கப் போகிறார்கள்?
நான்கு புள்ளி பூஜ்யம் வெளியானபோது
பதினொன்று ஐம்பத்திரண்டு.
யாரோ முன்கூட்டியே வெடி போட்டார்கள்.

நான்காம் நாள் ராப் தீவிலிருந்து ஒரு மின்னஞ்சல்,
முற்றுப்புள்ளியே இல்லாமல்:

*நான் ஆஞ்செல்கா
2009 மார்ச் 12 போஷிடார் என்னிடம் வாங்கியது இருநூறு குனா
படகுக்கு பேட்டரி வேண்டும் என்றார்
ஜூனில் செத்துப்போனார்
வர வேண்டிய பாக்கி என்ற பெட்டியில்
அது அப்படியே இருக்கிறது
மாசம் ஒரு தடவை உங்கள் ஆப் அவர் பேரைச் சொல்லும்
நான் பிறகு என்று அழுத்துவேன்
இப்போது இருபத்தாறு யூரோ ஐம்பத்துநான்கு சென்ட் என்கிறது
அவர் அப்படி ஒரு தொகையை வாங்கவே இல்லை
சில்லறையாகக் கடன் கேட்கிற ஆளும் இல்லை
என் இருநூறைத் திருப்பிக் கொடுங்கள்*

நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.
பிறகு உட்கார்ந்து
வகுக்கிற வரியை அழித்தேன்.

கொடுத்தது கொடுத்த காசிலேயே இருக்கட்டும்.
மொத்தம் எவ்வளவு என்று கேட்கிறபோது மட்டும்
கேட்கிற அந்த நொடியில், ஒரு ஓரமாக,
ஒரே ஒரு முறை வகுத்தால் போதும்.
நல்லவேளை, மாற்றுவதற்கு முன் எடுத்த நகல்
அவரவர் கணினியில் ஒரு கோப்பாகக் கிடந்தது.
மரநாய்கள் வரிவரியாகத் திரும்பி வந்தன.

மூன்று காப்பியைப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு திரையிலும் ஐம்பத்தெட்டு.
நாங்கள் சண்டை போட்ட சென்ட்
இத்தனை நாளும்
ஒரு செத்த மனிதரின் பேட்டரிக் கடனுக்கு
அடியில் கிடந்திருக்கிறது.

நான்கு புள்ளி பூஜ்யம் புள்ளி ஒன்று.
புதியது என்ன என்ற இடத்தில்
'பழைய பதிவுகள் பழைய நாணயத்திலேயே காட்டப்படும்.
சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்துக்குள் அதற்குமேல் என்ன எழுதுவது?

மறுநாள் காலை:

*இருநூறு வந்து சேர்ந்தது
போனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது
பதின்மூன்று வருஷத்துக்கு வட்டி போட
வசதி உண்டா
சும்மா கேட்கிறேன்*

வியேகோவுக்கு அனுப்பிவைத்தேன்.
சுரங்கப்பாதை எதிலோ மாட்டி
அரை மணி கழித்து வந்தது பதில்:
தனிவட்டியா, கூட்டுவட்டியா என்று
அம்மாவிடம் கேட்டுச் சொல்.